இரைப்பை சிறுத்தது, மனப்பசி சிறுத்ததா?

எடை குறைக்க இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவர் கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ திரும்பினால், அவருக்கு முன்பே ஊரின் ஆலோசனைகள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். ஒருவர் நெஸ்டமோல்ட்டோடு வருவார், இன்னொருவர் பத்தியக் கறியோடு. அவர்களின் அக்கறையில் குறையில்லை. ஆனால் சொல்வதில் சில, ஆளைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடியவை.

நம்பிக்கை 1: "வயித்தை வெட்டியாச்சு, இனிப் பசியும் வராது, ஆசையும் வராது."

உண்மை: 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் ஏறத்தாழ 80 வீதத்தை அகற்றுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெருமளவில் சுரப்பது அந்தப் பகுதியில்தான். அதனால் முதல் மாதங்களில் வயிற்றுப் பசி உண்மையிலேயே அடங்கியிருக்கும். மனப்பசிக்குக் கத்தி எட்டாது. பின்னேரம் நாலரை மணி, வீட்டில் ஒருவருமில்லை, கனடாவில் இருக்கும் மகனின் கோலும் வரவில்லை என்றால் கை தானாகவே பிஸ்கட் ரின்னைத் தேடும். தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் கரைந்து, சிறுத்த இரைப்பையிலும் தடையில்லாமல் இறங்கிவிடும். ஒரு முட்டையை முடிக்கத் திணறுபவர் அரைப் பைக்கற் பிஸ்கட்டை அறியாமலே முடித்திருப்பார். ஐஸ்கிரீமும் சொக்லேட்டும் இப்படியே இறங்கும். இழந்த எடை பிறகு மெல்லத் திரும்புவதற்கு இந்த ஓயாத கொறிப்பும் ஒரு காரணம்.

இரண்டு பசியையும் பிரித்தறியலாம். வயிற்றுப் பசி மெல்ல ஏறும், எது கிடைத்தாலும் அடங்கும். மனப்பசி திடீரென வந்து குறிப்பிட்ட ஒன்றையே கேட்கும், தின்ற பின் குற்ற உணர்வை விட்டுப் போகும். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, அப்போது மனதில் என்ன இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்தால், ஒரு கிழமைக்குள் ஆபத்தான நேரம் எதுவென்று தெரிந்துவிடும். அந்த நேரத்துக்கு ஒரு நடையையோ ஒரு கோலையோ முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள்.

நம்பிக்கை 2: "கஞ்சி குடிச்சால்தான் தெம்பு வரும்."

உண்மை: பொதுவாக முதல் இரண்டு வாரமளவில் திரவ உணவு, அடுத்து மசித்தது, பிறகு மென்மையானது, ஆறு முதல் எட்டு வாரமளவில் வழமையான உணவு என்று படிப்படியாகப் போவார்கள். உங்கள் வைத்தியசாலை தந்த அட்டவணைதான் இறுதியானது. காயம் ஆறவும் தசை கரையாமல் இருக்கவும் நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு பேணி வெறும் அரிசிக் கஞ்சியில் இரண்டு மூன்று கிராமுக்கு மேல் தேறாது. தொடக்கத்தில் பால், பின்னர் முட்டை, தயிர், முள் நீக்கி மசித்த மீன் என்று புரதத்தை முதலில் உண்ணுங்கள். உறைப்பும் சரக்கும் கூடிய பத்தியக் கறி பிறகு வரட்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல், அரை மணி நேரம் விட்டு மிடறு மிடறாகக் குடியுங்கள்.

நம்பிக்கை 3: "கோப்பையில் மிச்சம் விடுறது பாவம்."

உண்மை: 2009இல், இறுதிப் போரின்போது முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் போட்ட கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனத்திடமிருந்து இந்த நம்பிக்கையைச் சாதாரணமாக எடுத்துவிட முடியாது. பட்டினி கிடந்த உடம்பு அதை இலகுவில் மறப்பதில்லை. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ், தாமாக முன்வந்த 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். உணவு திரும்பக் கிடைத்த பிறகும் பலரால் நிறுத்த முடியவில்லை, வயிறு நிறைந்தும் தின்றார்கள். ஆகவே அள்ளி அள்ளிச் சாப்பிடுபவரைப் 'பெருந்தீனி' என்று பழிப்பது அநியாயம். சிறுத்த இரைப்பையிலோ ஒரு வாய் கூடினாலும் நெஞ்சு இறுகிச் சத்தி வரும். சோசரில் கொஞ்சமாகப் போடுங்கள், மிச்சத்துக்கு இடமே வராது. "இன்னும் ஒரு பிடி" என்று வற்புறுத்துவதை வீட்டார் நிறுத்த வேண்டும்.

நம்பிக்கை 4: "மெலிஞ்சு வடிவா வாற ஆளுக்கு அழ என்ன இருக்கு?"

உண்மை: ஏன் செய்தோம் என்ற எண்ணமும் எரிச்சலும் அழுகையும் முதல் கிழமைகளில் பலருக்கும் வரும். துக்கத்திலும் தனிமையிலும் ஆறுதல் தந்த சாப்பாடு ஒரே நாளில் கையை விட்டுப் போயிருக்கிறதே. அந்த இடத்துக்கு மது வந்துவிடலாம். இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின், குறிப்பாக இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு, மது இரத்தத்தில் வேகமாக ஏறும். மனச்சோர்வு இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தாலோ சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ மனநலப் பிரிவில் காட்டுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

நம்பிக்கை 5: "விற்றமின் குளிசை மூண்டு மாதம் போதும்."

உண்மை: விற்றமின்களும் அவற்றின் இரத்தப் பரிசோதனைகளும் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். மூன்றாம் மாதமளவில் தலைமயிர் கொட்டுவது வழமை, பெரும்பாலும் திரும்ப வளரும். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் போடும் மருந்தின் அளவை வைத்தியர்தான் மாற்ற வேண்டும். பழைய அளவிலேயே போட்டால் சீனி ஆபத்தாக இறங்கலாம்.

நம்பிக்கை 6: "சத்தி வாறது வழமைதான், கிளினிக் திகதி வரைக்கும் பொறுக்கலாம்."

உண்மை: தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் சத்தி தொடர்ந்தால் தயமின் குறைந்து மூளையே பாதிக்கப்படலாம். காய்ச்சல், விடாத வயிற்று வலி, நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவையும் உடனே காட்ட வேண்டியவை. கொழும்புக்கு பஸ் ஏற வேண்டாம், பக்கத்து ஆதார அல்லது மாவட்ட வைத்தியசாலைக்கே போங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஏறும்போது டயக்னோசிஸ் காட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரைப்பையில் என்ன செய்யப்பட்டது என்பதை இரவு நேர வைத்தியர் அதைப் பார்த்துத்தான் அறிவார்.