ஸ்ரீரங்கப்பட்டணமும் எரிவெப்பநிலையும்

காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து மீண்டும் ஒன்றுசேரும் இடத்தில் அமைந்த தீவு நகரம் ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூருக்கு அருகில் இந்நகரைச் சூழ்ந்தோடும் அதே காவிரி, தமிழ்நாட்டில் திருவரங்கத்தையும் தீவாக்கிச் செல்கிறது. ஐதர் அலியும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆண்டனர். அவர்தம் படையில் புதுமையான கருவி ஒன்று இருந்தது. இரும்புக் குழாயினுள் வெடிமருந்தை அடைத்து, அக்குழாயை நீண்ட மூங்கிற்கழியில் பிணைத்து ஏவினர். தாளால் ஆன குழாய் பேரழுத்தத்தைத் தாங்காது, இரும்பு தாங்கும். ஆதலின் அவ்வேவுகணைகள் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று விழுந்தன.

1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் நடந்த போரில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அக்காட்சியை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தில் இன்றும் காணலாம். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அதே இடர் திப்புவின் கோட்டைக்கே நேர்ந்தது. 1799 மே 2 அன்று, முற்றுகையிட்ட ஆங்கிலேயரின் குண்டு ஒன்று கோட்டைக்குள் ஏவுகணைகள் வைத்திருந்த கிடங்கைத் தாக்கியது. கிடங்கு வெடித்தது. மே 4 அன்று கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்திலேயே உயிர் நீத்தார்.

இங்கு ஒரு வினா எழுகிறது. கோடை வெயிலிலும் அமைதியாகக் கிடந்த வெடிமருந்து, குண்டு பட்டதும் ஏன் வெடித்தது? ஒரு பொருள் தீப்பற்றுவதற்கு வேண்டிய மிகக் குறைந்த வெப்பநிலையை எரிவெப்பநிலை என்பர். கோடை வெப்பம் வெடிமருந்தின் எரிவெப்பநிலைக்கு மிகவும் கீழானது. எரியும் குண்டும் தீப்பொறியும் ஒரு சிறு பகுதியை அந்நிலைக்கு உயர்த்தினாலே போதும். அப்பகுதி எரிந்து தரும் வெப்பம் அடுத்த பகுதியைப் பற்றவைக்கும்.

எரிவெப்பநிலை பொருளுக்குப் பொருள் வேறுபடும். வெண்பாஸ்பரஸ் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸிலேயே பற்றிக்கொள்ளும். ஆதலின் அதனை நீருக்குள் வைத்துப் பாதுகாப்பர். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 210 டிகிரியும், தாளுக்கு ஏறத்தாழ 230 டிகிரியும், பெட்ரோலுக்கு ஏறத்தாழ 250 டிகிரியும் வேண்டும். மரத்திற்கு அதனினும் மிகுதியான வெப்பம் தேவை.

பெட்ரோலின் எரிவெப்பநிலை மண்ணெண்ணெயினதைவிட மிகுதி. எனினும் பெட்ரோலே எளிதில் தீப்பற்றுகிறது. இது முரண்பாடன்று. நீர்ம எரிபொருளில் எரிவது நீர்மம் அன்று. அதிலிருந்து எழும் ஆவியே. பெட்ரோல் கடுங்குளிரிலும் எரியத்தக்க அளவு ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 40 டிகிரிக்குச் சூடானால்தான் அந்த அளவு ஆவியைத் தரும். ஆவி சூழ்ந்திருக்கும் இடத்தில் ஒரு சிறு பொறியே எரிவெப்பநிலையை எட்டச்செய்துவிடும். பெட்ரோல் நிலையங்களில் புகைபிடித்தலைத் தடைசெய்வது இதனாலேயே. அகல் விளக்கின் நல்லெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. திரியில் ஊறும் சிறிதளவு எண்ணெய் மட்டும் விரைவில் சூடாகி ஆவியாகி எரிகிறது.

வெடிமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவை. கந்தகம் ஏறத்தாழ 230 டிகிரியில் தீப்பற்றி, கலவை எளிதில் எரியத் துணைபுரிகிறது. வெடியுப்பு எரிதலுக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தருகிறது. எனவே, மூடிய குழாயினுள்ளும் வெடிமருந்து எரியும். காற்றைத் தடுத்து அதனை அணைக்க இயலாது.

பிற தீயை அணைக்க இருவழிகள் உள. ஒன்று, காற்றைத் தடுத்தல். மற்றொன்று, வெப்பத்தை எரிவெப்பநிலைக்குக் கீழே கொணர்தல். எரியும் விறகின்மீது நீர் ஊற்றுவது இரண்டாம் வழி. எரியும் எண்ணெயின்மீது நீர் ஊற்றலாகாது. நீர் எண்ணெய்க்குக் கீழே சென்று கொதித்து, எரியும் எண்ணெயை நாற்புறமும் தெறிக்கச்செய்யும். அடுப்பை நிறுத்திப் பாத்திரத்தை மூடுவதே அங்குத் தக்க வழி.

திப்புவின் படைக்கலக் கிடங்கு ஒன்று இருப்புப்பாதை விரிவாக்கத்திற்காக 2017ஆம் ஆண்டில் இடிக்கப்படாமல், முழுமையாக நகர்த்தி வைக்கப்பட்டது. தீயின் ஆற்றலை அறிந்து ஆண்ட அறிவுக்கும், அத்தீயே விளைத்த அழிவுக்கும் ஸ்ரீரங்கப்பட்டணம் சான்றாக விளங்குகிறது.

சொற்பொருள்
மைந்தர் – மகன்
இடர் – துன்பம்
நீர்மம் – திரவம்
வெடியுப்பு – பொட்டாசியம் நைட்ரேட்

பயிற்சி
1. எரிவெப்பநிலை என்றால் என்ன?
2. வெண்பாஸ்பரஸை நீருக்குள் வைப்பது ஏன்?
3. தாள் கிண்ணத்தில் நீர் ஊற்றிச் சூடாக்கினால் நீர் 100 டிகிரியில் கொதிக்கும், தாள் எரியாது. காரணம் எழுதுக.
4. உங்கள் வீட்டுச் சமையலறையில் தீ விபத்தைத் தவிர்க்கும் வழிகளை ஐந்து தொடர்களில் எழுதுக.