மாற்று மின்னஞ்சல் சேவையகம்: ஒரு வகுப்பறைச் செயல்பாடு

மேல்நிலை வகுப்பில் களப்பெயர் முறைமையை நடத்தும்போது நான் செய்யும் செயல்பாடு இது. ஒரு மாணவர் அனுப்புநர், இருவர் சேவையகங்கள். கரும்பலகையில் 'எம்எக்ஸ் 10 – முதன்மை, எம்எக்ஸ் 20 – மாற்று' என எழுதுவேன். சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. முதன்மை செயலிழந்தால் கடிதங்கள் மாற்றிடம் செல்லும். அது அவற்றைச் சேர்த்துவைத்து, முதன்மை மீண்டதும் ஒப்படைக்கும்.

"மாற்று இல்லையென்றால் கடிதம் தொலைந்துவிடுமா, சார்?" என்று கேட்பார்கள். உடனே தொலையாது. அனுப்பும் சேவையகமே மீண்டும் மீண்டும் முயலும். 2008இல் வெளியான ஆர்எஃப்சி 5321 நெறிமுறை, பொதுவாகக் குறைந்தது 4 முதல் 5 நாள்கள் முயலச் சொல்கிறது. அதற்கும் நீளும் பழுதில்தான் மாற்றின் அருமை தெரியும்.

அடுத்து, வகுப்பில் இல்லாத ஒரு பெயருக்குக் கடிதம் அனுப்பச் சொல்வேன். பயனர் பட்டியல் இல்லாத மாற்று அதை வாங்கிக்கொள்ளும். முதன்மை பின்னர் மறுக்கும். அனுப்புநர் முகவரி போலியானால், திரும்பும் கடிதம் சம்பந்தமில்லாத ஒருவரிடம் போய்ச் சேரும். ஆகவே மாற்றிலும் அதே பயனர் பட்டியலும் அதே குப்பை அஞ்சல் வடிகட்டியும் வேண்டும். காவல் குறைந்த மாற்று, இல்லாததைவிட மோசம்.

முடிவில் இதைக் கேளுங்கள்: "இரண்டு சேவையகங்களும் ஒரே அறையில் இருந்தால் என்ன ஆகும்?" மின்தடையை அறிந்த பிள்ளைகள் விடையைத் தாமே சொல்லிவிடுவார்கள்.