படம் பார்த்துப் படிப்போம்: ஆற்றங்கரையில் மீன்பிடிக் கொட்டாய்



போன மாதம் ஓவிய வகுப்பில் "மீனவர் வாழ்க்கை" என்று தலைப்புக் கொடுத்து எங்களை வரையச் சொன்னார்கள். எல்லாரும் வரைஞ்சோம். எல்லார் படத்திலேயும் ரெண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை மரம், ஒரு படகு. டீச்சர் சிரிச்சுட்டு, "காத்திவாக்கத்துல எங்கம்மா மலை இருக்கு?" என்று கேட்டார். உண்மைதானே. நம்ம பக்கத்தில் உயரமாகத் தெரிவது அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிதான். அதை ஒருத்தரும் வரையவில்லை. ஆற்றையும் வரையவில்லை.

அப்புறம் டீச்சர் தன் போனில் சில படங்களைக் காட்டினார். வரைந்தவர் பெயர் பிட்சியோலக் அஷூனா. கனடா நாட்டின் வடக்கே, பனிப் பிரதேசத்தில் வாழும் இனுயிட் இனப் பெண். (பழைய புத்தகங்களில் எஸ்கிமோ என்று இருக்கும். அந்த மக்கள் அப்படிக் கூப்பிடுவதை விரும்புவதில்லை.) 1904 வாக்கில் பிறந்தவர். கணவர் இறந்த பிறகு பிள்ளைகளை வளர்க்க ரொம்பக் கஷ்டப்பட்டார். கேப் டார்செட் என்ற ஊரில் ஐம்பது வயதுக்கு மேல்தான் வரைய ஆரம்பித்தார். 1983இல் இறப்பதற்குள் 7,000க்கும் மேற்பட்ட படங்கள்! எதில் வரைந்தார் தெரியுமா? பெரும்பாலும் ஸ்கெட்ச் பேனாவும் கலர் பென்சிலும்தான். நம்ம பையில் இருப்பதுதான்.

தான் சின்ன வயதில் வாழ்ந்த முகாம் வாழ்க்கையைத்தான் அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்தக் காலத்தில் இனுயிட் மக்கள் கோடையில் தோல் கூடாரம் அடித்து ஆற்றோரம் தங்குவார்கள். ஆற்றின் குறுக்கே கல்லை அடுக்கி மீனை மடக்கி, மூன்று முனை ஈட்டியால் குத்திப் பிடிப்பார்கள். பெண்கள் பிறை மாதிரி இருக்கும் கத்தியால் மீனைப் பிளந்து கயிற்றில் காயப் போடுவார்கள். நம்ம கருவாடுதான், ஆனா உப்பு இல்லை. காற்றும் குளிருமே காய வைத்துவிடும்.

டீச்சர் காட்டிய படங்களில் ஆட்கள்தான் பெரிசா இருந்தாங்க. யார் கையில் என்ன இருக்கு, அதை எப்படிப் பிடிக்கணும் என்று பார்த்தே கத்துக்கலாம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேருது. எங்க ஆயா சின்னப் பெண்ணாக இருந்தப்போ ஆத்து மேட்டில் கீத்துக் கொட்டாய் போட்டு, ராத்திரி வத்தம் வர்ற வரைக்கும் காத்திருப்பாங்களாம். (இலங்கையில் மீன் பருவத்துக்குப் போய்த் தங்கும் கொட்டகையை வாடி என்று சொல்வார்கள்.) தண்ணி வத்தினதும் இறங்கி, சேத்தைக் கையால் துழாவி இறால் பிடிப்பாங்க. பிடிச்ச இறாலைப் போட ஓலையில் பின்னிய பறி. ரெண்டு கையும் வேலையில் இருக்கிறதால பறியைப் பல்லால் கடிச்சுக்குவாங்க!

இன்னொன்று, பாடு. எந்த இடத்தில், எந்த நாள், யார் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரிப்பதுதான் பாடு. நமக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் சீட்டுப் போட்டு இடம் பிரிப்பார்கள். சண்டை வராமல் இருக்க, எல்லாருக்கும் நல்ல இடம் ஒரு தடவையாவது கிடைக்க. "பாட்டை எப்படி ஆயா வரையறது, அது கண்ணுக்குத் தெரியாதே?" என்று கேட்டேன். "முறை இல்லாதவனைக் கரையில உட்கார வை" என்றது. சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளையும் வரையணும் என்று எனக்கு அப்போதான் தெரிஞ்சது.

அடுத்து பறியை வரையலாம் என்றால் வீட்டில் பறி இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆத்தில் எண்ணெய் வந்ததே, அப்போ வலை, படகு எல்லாம் கறுப்பாச்சு. ஆயாவோட பறியும் வீணாப் போச்சு. எத்தனை தடவை கழுவியும் நாத்தம் போகலை, தூக்கிப் போட்டுட்டோம். அதுக்கப்புறம் ஆயா ஆத்துல இறங்கலை. அதுக்கு முன்னாடியே, "கால் வெச்சா மணல் படணும், இப்ப சாம்பல்தான் படுது" என்று சொல்லிக்கிட்டே இருக்கும்.

அதனால ஆயா சொல்லச் சொல்ல வரைஞ்சேன். முதல் படத்தில் பறி பூக்கூடை மாதிரி இருந்தது. "வாய் இம்மாம் அகலம் வெச்சா இறால் துள்ளி வெளியே பூடும்" என்றது. ரெண்டாவதில் வாய் ரொம்பச் சின்னது, கை நுழையாது. மூணாவதை ஆயா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, பென்சிலை வாங்கித் தானே ஒரு கோடு போட்டுச்சு. ஆயா பென்சில் பிடிச்சு நான் பார்த்ததே இல்லை. கீழே ஒட்டியிருப்பது அந்தப் படம்தான். அழுத்தமாக இருக்கிற கோடு ஆயா போட்டது.

பறியைக் கடிச்சுக்கிட்டு இறால் பிடிக்கிற ஆளை இன்னும் வரையலை. எப்படிக் குனியணும் என்று ஆயா செஞ்சு காட்டணும், முழங்கால் வலி. ஞாயிற்றுக்கிழமை காட்டறேன் என்று சொல்லியிருக்கு. வரைஞ்சதும் பக்கத்தில் ஒட்டுகிறேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி