கார் செய்த குர்லா

மோட்டார்த் தொழிலால் வளர்ந்த நகர் எது என்று கேட்டால் நம்மில் பலர் அமெரிக்காவின் டெட்ராய்ட்டைச் சொல்வோம். சென்னையைச் சொல்வோரும் உண்டு. ஆனால் அணுசக்தி நகரில் வாழும் நாம், செம்பூரைக் கடந்தால் எட்டிவிடும் குர்லாவை நினைப்பதில்லை. இந்தியாவில் கார்த் தொழில் முதலில் கால் ஊன்றிய நகரங்களுள் பம்பாய் ஒன்று. அத்தொழில் இங்கே எவ்வாறு தோன்றியது, யாரால் வளர்ந்தது, ஏன் மறைந்தது என்பதை அறிவது நமக்குப் பயன் தரும்.

பூட்டுதலும் செய்தலும்

1928-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் துறைமுகத்தை ஒட்டிய சிவ்ரியில் ஓர் ஆலை அமைத்தது. பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்தன. இங்கே அவற்றைப் பூட்டிக் காராக்கினர். 1944-இல் வால்சந்த் ஹீராசந்த் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1947-இல் அதன் குர்லா ஆலையிலிருந்து கார்கள் வெளிவந்தன. ஆயினும் அவையும் அமெரிக்கக் கிரைஸ்லர் நிறுவனத்தின் பாகங்களைப் பூட்டியவையே.

பூட்டுவது வேறு, செய்வது வேறு. எஞ்சினின் சிலிண்டருக்கும் அதனுள் ஓடும் பிஸ்டனுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்தால் அதில் சில பங்கே. அது கூடினால் விசை கசியும். குறைந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இந்த நுட்பத்தோடு இரும்பை வார்க்கவும் கடையவும் வல்ல கைகள் வேண்டும். 1953-இல் இந்திய அரசு, உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யும் திட்டமுள்ள நிறுவனங்களே இத்தொழிலில் நீடிக்கலாம் என்று முடிவு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் வெளியேறியது. இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருந்த பிரீமியர் நிலைத்தது.

பல மொழிக் கைகள்

அத்தகைய கைகள் எங்கிருந்து வந்தன? பம்பாயில் 1850-களிலேயே பஞ்சாலை எழுந்துவிட்டது. ஆலைகளும் ரயில்வே பட்டறைகளும் துறைமுகமும் மூன்று தலைமுறைக்கு ஃபிட்டர்களையும் கடைசல்காரர்களையும் பழக்கி வைத்திருந்தன. கொங்கணத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் மக்கள் பிழைப்புத் தேடி வந்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தாராவியில் தோல் பதனிட்டனர். மாதுங்காவில் குடியேறிய தமிழர் பலர் அலுவலகங்களில் எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் பணியாற்றினர்.

இந்தக் கலப்பு எப்போதும் இணக்கமாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. 1966-இல் தோன்றிய சிவசேனையின் முதற் கிளர்ச்சிகள் தென்னிந்தியரை எதிர்த்தே எழுந்தன. வேலை குறைவாகவும் வேண்டுவோர் மிகுதியாகவும் இருக்கும்போது, அயலான் மீதே முதலில் கண் விழுகிறது.

பத்மினியின் காலம்

குர்லாவில் பிறந்த ஃபியட் 1100, 1974 முதல் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்றது. 1,089 கன சென்டிமீட்டர் எஞ்சின், ஏறத்தாழ நாற்பது குதிரைத் திறன். கறுப்பும் மஞ்சளும் பூசி அது டாக்சியாக ஓடியபோது இந்நகரின் அடையாளமே ஆயிற்று.

எனினும் அதன் வீழ்ச்சிக்கான விதை அந்த வெற்றியிலேயே இருந்தது. உரிமமுறைக் காலத்தில் போட்டியில்லை. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க மக்கள் இருந்தனர். ஆகவே அடிப்படை அமைப்பை மாற்றாமலே அந்தக் காரைப் பல பத்தாண்டுகள் செய்ய முடிந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் நிலை மாறியது. 2001 வாக்கில் பத்மினி உற்பத்தி நின்றது. கடைசிப் பத்மினி டாக்சிகள் இருபதாண்டு வயது வரம்பை எட்டி, 2023 அக்டோபர் இறுதியில் சாலையை விட்டு நீங்கின. கார் செய்த நிலத்தில் இன்று குடியிருப்புகளும் வணிகக் கட்டடங்களும் நிற்கின்றன.

நகரும் தொழிலாளியும்

டெட்ராய்ட்டில் 1950-இல் பதினெட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். 2020-இல் ஏறத்தாழ ஆறு லட்சத்து நாற்பதாயிரம் பேரே. 2013-இல் அந்நகராட்சி திவாலாகியது. மும்பைக்கு அக்கதி நேரவில்லை. துறைமுகம், வங்கிகள், திரைப்படம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, டிராம்பேயின் அணு ஆய்வு என்று இதற்குக் கால்கள் பல. ஒன்று ஒடிந்தாலும் நகர் சாயவில்லை.

ஆனால் நகர் பிழைத்தது என்பதால் தொழிலாளியும் பிழைத்தான் என்று ஆகாது. சிலிண்டர் கடையக் கற்ற நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு, ஆலை இருந்த இடத்தில் எழுந்த அங்காடியில் என்ன வேலை? இருபதாண்டு உழைத்துப் பெற்ற கைத்திறன் ஒரே நாளில் விலையற்றதாகிறது. நிலத்தின் மதிப்பை எல்லோரும் கணக்கிட்டனர். அந்தத் திறனின் மதிப்பை யார் கணக்கிட்டார்?

இக்கேள்வி இப்போது நம் தாயகத்தின் வாயிலில் நிற்கிறது. 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் செய்யத் தொடங்கியது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. மின்சாரக் காரில் பிஸ்டனும் இல்லை, சிலிண்டரும் இல்லை. அவற்றைச் செய்யும் சிறு பட்டறைகள் நாளை என்ன செய்யும்? புதுத் தொழிலுக்கான பயிற்சி, ஆலைக் கதவு மூடிய பின் அன்று, மூடுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். அறிவியல் பயிலும் நாம் புதுப் பொறியைப் பற்றிப் பேசும்போதெல்லாம், பழைய பொறியை இயக்கிய கைகளைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மற்றொன்றும் உண்டு. அன்று நம் முன்னோர் பம்பாய்க்கு வந்தது போலவே இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் சென்னைப் புறநகரின் ஆலைகளுக்கு வருகின்றனர். 1966-இல் நம்மவர் இந்நகரிடம் எத்தகைய நடத்தையை எதிர்பார்த்தனரோ, அதையே நம் ஊரில் அவர்களுக்கு வழங்குவது நம் கடன். வெளியூரில் வாழும் தமிழனுக்கு இதைப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை.