காபி தீர்ந்ததா என்று பார்த்த கார்டு

கேள்வி: எங்கள் அலுவலக மீட்டிங் அறையில் 'கேப்சர் கார்டு' வாங்கி மாட்டியிருக்கிறார்கள். இது எதற்காகப் பிறந்தது?
– வாசகி, ஈரோடு

பதில்: கேமராவோ இன்னொரு லேப்டாப்போ அனுப்பும் படத்தை வாங்கி, கணினிக்குப் புரியும் எண்களாக்கித் தருவதுதான் இதன் வேலை. அலுவலகங்களில் இது பார்த்த வேலைகளிலேயே புகழ்பெற்றது எது தெரியுமா? காபிக்குக் காவல்!

1991. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகம். 'ட்ரோஜன் அறை'க்கு வெளியே நடைவழியில் ஒரே ஒரு காபிக் குடுவை. அதை நம்பிப் பதினைந்து பேர். சிலருக்கு இருக்கை வேறு மாடியில். ஆசையாகப் படியேறி வந்தால் குடுவை காலி! குவென்டின் ஸ்டாஃபோர்டு-ஃப்ரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் குடுவைக்கு எதிரே கேமராவை நிறுத்தினார்கள். ஏகார்ன் ஆர்க்கிமிடீஸ் கணினியில் இருந்த 'ஃப்ரேம் கிராப்பர்', அதாவது உங்கள் கார்டின் மூத்த அண்ணன், படம் பிடித்தது. 128க்கு 128 புள்ளிகள், கறுப்பு வெள்ளை, நிமிடத்துக்கு மூன்று படம். காபி இறங்கும் வேகத்துக்கு அது தாராளம்.

இணையத்தில் காட்டத்தான் அந்தக் கேமராவை வைத்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. முதல் இரண்டு ஆண்டுகள் அந்தப் படம் ஆய்வகத்தின் கம்பிகளைத் தாண்டவே இல்லை. 1993 நவம்பரில்தான் டேனியல் கார்டனும் மார்ட்டின் ஜான்சனும் அதை வலையில் ஏற்றினார்கள். அதன்பின் காபி குடிக்க வர முடியாத ஊர்க்காரர்களெல்லாம் குடுவையைப் பார்த்தார்கள்.

நான் இந்தப் பகுதியில் ஓயாமல் சொல்வது இதைத்தான்: மனிதர் பார்க்க விரும்புவது பேசுகிறவர் முகத்தை அல்ல, பேச்சில் இருக்கும் பொருளை. 1970இல் ஏடி அண்ட் டி நிறுவனம், முகம் காட்டும் 'பிக்சர்ஃபோன்' தொலைபேசியை பிட்ஸ்பர்க் நகரில் மாதம் 160 டாலருக்குக் கொடுத்தது. ஆள் சேரவில்லை. குடுவைக்கு உலகமே சேர்ந்தது. உங்கள் கார்டிலும் வரைபடத்தை, மைக்ரோஸ்கோப்பை, கணக்கு ஓடும் திரையை இணையுங்கள். வெளியூரில் உட்கார்ந்திருப்பவர் கூட்டத்துக்குள் வந்துவிடுவார்.

கேள்வி: காபி சூடாக இருக்கிறதா என்றும் அந்தப் படத்தில் தெரியுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தெரியாது. அளவு மட்டுமே தெரியும். டபராவைத் தொட்ட விரல் சொல்வதைக் கண் சொல்லாது.

கேள்வி: மீட்டிங்கில் சினிமாக் காட்சி ஒன்றை ஓட்டினால் திரை கறுப்பாகிறது. கார்டு போய்விட்டதா?
– வாசகர், ஓசூர்

பதில்: பதறாதீர்கள். எச்டிஎம்ஐ கேபிள் வழியே வரும் படத்துக்கு 'எச்டிசிபி' என்றொரு பூட்டு உண்டு. உரிமையாளர் காப்பாற்றி வைத்திருக்கும் படம் ஓடினால் பூட்டு விழும். உங்கள் சொந்த ஸ்லைடை ஓட்டிப் பாருங்கள். தெரிந்தால் கார்டு நலம்.

கேள்வி: அந்தக் குடுவை இப்போது எங்கே?
– வாசகி, காரைக்குடி

பதில்: 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமராவை அணைத்தார்கள். அப்போது அங்கே இருந்த குடுவையை ஈபே ஏலத்தில் 3,350 பவுண்டுக்கு ஜெர்மனியின் 'ஷ்பீகல் ஆன்லைன்' எடுத்தது. அதைத் தயாரித்த குருப்ஸ் நிறுவனத்தார் காசு வாங்காமல் பழுது பார்த்தார்கள். பிறகு பாடர்போர்ன் நகரின் ஹைன்ஸ் நிக்ஸ்டார்ஃப் கணினி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கேமரா வைத்த இருவரின் முகம் எத்தனை பேருக்குத் தெரியும்? குடுவையைத்தான் எல்லோருக்கும் தெரியும்.