நெட்வொர்க் சாப்ட்வேர் எப்படிக் காத்திருக்கிறது? டிசைன் பேட்டர்ன் - ஓர் அறிமுகம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் இரண்டு காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு புரோகிராமில் பெரிய பைல் ஒன்று டவுன்லோட் ஆகிக் கொண்டிருக்கும். அதே நேரத்தில் நீங்கள் வேறு பக்கத்தைப் படிக்கலாம், டவுன்லோடை நிறுத்தி வைக்கலாம், மீண்டும் தொடரலாம். இன்னொரு புரோகிராமில் ஒரு பட்டனை அழுத்தியவுடன் விண்டோ வெளிறிப் போய், தலைப்பில் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வந்துவிடும். கம்ப்யூட்டர் ஒன்றுதான்; இன்டர்நெட் இணைப்பும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

பல நேரங்களில் இதற்குக் காரணம், காத்திருக்கும் வேலையை அந்த சாப்ட்வேரில் எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதுதான். இதை நன்றாக அமைக்க உதவுபவை டிசைன் பேட்டர்ன்கள். இவை குறித்து இங்கு எளிமையாகப் பார்ப்போம். இதைப் புரிந்து கொள்ள புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

டிசைன் பேட்டர்ன் என்றால் என்ன?

நம் வீடுகளில் கோல நோட்டு இருக்கும். எத்தனை புள்ளி, எத்தனை வரிசை, கோட்டை எங்கே வளைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நோட்டில் இருப்பது கோலமாவு அல்ல. கோலம் போடும் திட்டம். அதைப் பார்த்து ஒருவர் அரிசி மாவில் போடலாம். இன்னொருவர் சாக்பீஸில் போடலாம்.

டிசைன் பேட்டர்னும் இப்படித்தான். இது டவுன்லோட் செய்து பயன்படுத்தும் புரோகிராம் அல்ல. மீண்டும் மீண்டும் வரும் ஒரு சிக்கலுக்கு, அனுபவசாலிகள் கண்டறிந்து பெயரிட்டு எழுதி வைத்த தீர்வு. இந்த எண்ணம் கட்டடக் கலையிலிருந்து வந்தது. கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் குழுவினர் 1977ல் கட்டடங்களுக்கும் ஊர்களுக்கும் 253 பேட்டர்ன்களைத் தொகுத்தனர். எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் ஆகிய நால்வர், 1994ல் சாப்ட்வேருக்கான 23 பேட்டர்ன்களைப் புத்தகமாக வெளியிட்டனர்.

காத்திருப்பதுதான் பெரிய வேலை

பிரவுசர், மெயில் புரோகிராம், சாட் புரோகிராம், இவற்றுக்குத் தகவல் தரும் சர்வர்கள் எல்லாமே தகவல் தொடர்பு சாப்ட்வேர்கள். இவை அதிக நேரம் செய்வது காத்திருப்பதுதான். சென்னையிலிருந்து அமெரிக்காவில் உள்ள ஒரு சர்வருக்குக் கேள்வி போய்ப் பதில் வர சுமார் கால் விநாடி ஆகலாம். நமக்கு அது கண் சிமிட்டும் நேரம். ஆனால் 3 கிகா ஹெர்ட்ஸ் ப்ராசசர் விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. கால் விநாடியில் 75 கோடி துடிப்புகள்! "பதில் வரும்வரை இங்கேயே நில்" என்று எழுதப்பட்ட புரோகிராம், இவ்வளவு நேரமும் நம் மவுஸ் கிளிக்கைக் கூடக் கவனிக்காமல் நிற்கும்.

ரியாக்டர் பேட்டர்ன்

ஓர் ஹோட்டலை நினைத்துக் கொள்ளுங்கள். 20 டேபிள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு சர்வரை நிறுத்தி, சாப்பிடுபவர் எழுந்து போகும்வரை அவர் நகரக் கூடாது என்று சொன்னால் என்ன ஆகும்? சம்பளம் கட்டுப்படியாகாது, நடக்கவும் இடம் இருக்காது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனி த்ரெட் அமைப்பது இது போன்றதுதான். இணைப்புகள் ஆயிரக்கணக்கில் கூடும்போது, மெமரியும் ஒரு த்ரெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரமும் வீணாகும்.

நல்ல ஹோட்டலில் ஒரே சர்வர் பல டேபிள்களைக் கவனிப்பார். யார் கை தூக்குகிறாரோ அங்கே போவார். கேட்டதைக் குறித்துக் கொண்டு உடனே திரும்புவார். ரியாக்டர் பேட்டர்ன் செயல்படும் விதமும் இதுதான்.

1. ஒவ்வொரு இணைப்பும், "எனக்குத் தகவல் வந்தால் இந்த வேலையைச் செய்" என்று முதலில் பதிவு செய்து கொள்ளும்.
2. புரோகிராம் ஓரிடத்தில் நின்று எல்லா இணைப்புகளையும் ஒருசேரக் கவனிக்கும்.
3. எதில் தகவல் வருகிறதோ, அதற்குரிய வேலையை மட்டும் அழைக்கும்.
4. அந்த வேலை முடிந்ததும் மீண்டும் கவனிக்கத் திரும்பும்.

இதில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. அழைக்கப்படும் ஒவ்வொரு வேலையும் சுருக்கமாக முடிய வேண்டும். சர்வரே சமையலறைக்குள் போய் பரோட்டா போட ஆரம்பித்தால் மற்ற 19 டேபிள்களும் காத்துக் கிடக்கும். நேரம் பிடிக்கும் வேலையை மாஸ்டரிடம் ஒப்படைக்க வேண்டும். அதாவது, வேறு த்ரெட்டுக்கு அனுப்ப வேண்டும்.

விண்டோஸ் புரோகிராம்களும் மவுஸ், கீ போர்ட் செய்திகளை இப்படித்தான் வரிசையாக வாங்கிக் கவனிக்கின்றன. ஒரு விண்டோ 5 விநாடிகள் வரை எந்தச் செய்தியையும் கவனிக்கவில்லை என்றால், அதனை "நாட் ரெஸ்பாண்டிங்" என்று விண்டோஸ் குறிக்கிறது. ஆகவே அந்த வாசகம், புரோகிராம் செத்துவிட்டது என்று பொருள் தராது. சர்வர் சமையலறையில் மாட்டிக் கொண்டிருக்கலாம். சேவ் செய்யாத வேலை இருந்தால், அவசரப்பட்டு மூடாமல் சில நிமிடங்கள் பொறுத்துப் பாருங்கள்.

ஸ்டேட் பேட்டர்ன்

ஓர் இணைப்பு எப்போதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. அழைப்புக்குக் காத்திருக்கும், இணையும், தகவல் பரிமாறும், மூடும். 1981ல் வெளியான டிசிபி வரையறை, ஓர் இணைப்புக்கு 11 நிலைகளைக் குறிப்பிடுகிறது. "இந்த நிலையா, அந்த நிலையா" என்று புரோகிராமின் ஒவ்வொரு மூலையிலும் சோதித்துக் கொண்டிருந்தால், ஒரு சோதனை விடுபட்டாலும் கோளாறு வரும். ஸ்டேட் பேட்டர்னில் ஒவ்வொரு நிலைக்கும் தனிப் பகுதி எழுதப்படும். நிலை மாறினால், வேலை செய்யும் பகுதியும் மாறிவிடும். நால்வர் எழுதிய புத்தகத்திலும் இதற்கு டிசிபி இணைப்பையே எடுத்துக்காட்டாகத் தந்துள்ளனர்.

இந்த நிலைகளை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தவும். கிடைக்கும் கட்டத்தில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டவும். கருப்பு விண்டோ திறக்கும். அதில் நெட்ஸ்டாட் என்ற கட்டளையை என், இ, டி, எஸ், டி, ஏ, டி என ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, மைனஸ் குறியும் அதை ஒட்டி ஏ, என் எழுத்துகளும் டைப் செய்து என்டர் தட்டவும். வரும் பட்டியலில் ஸ்டேட் என்ற பத்தியைப் பாருங்கள். லிசனிங் என்றால் அழைப்புக்குக் காத்திருக்கிறது. எஸ்டாப்ளிஷ்ட் என்றால் இணைப்பு நடப்பில் உள்ளது. பிரவுசரில் ஏதேனும் ஒரு தளத்தைத் திறந்து, இதே கட்டளையை மீண்டும் தந்தால் பட்டியல் மாறியிருப்பதைக் காணலாம்.

புரோகிராம் மாறினாலும் திட்டம் மாறவில்லை

பேட்டர்ன்களின் உண்மையான பயனைக் காட்டிய நிகழ்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் யுனிவர்சிட்டியில் பணியாற்றிய டக்ளஸ் ஷ்மிட், எரிக்சன் நிறுவனத்தின் பால் ஸ்டீபன்சனுடன் சேர்ந்து 1995ல் தங்கள் அனுபவத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். யூனிக்ஸில் இயங்கிய தகவல் தொடர்பு சாப்ட்வேரை விண்டோஸ் என்டிக்குக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. யூனிக்ஸில் உள்ள செலக்ட் என்ற வசதி, தகவல் தயாராக உள்ள எல்லா இணைப்புகளையும் ஒரே முறையில் காட்டிவிடும். விண்டோஸில் அவர்கள் பயன்படுத்திய வசதியோ, ஒரு முறைக்கு அதிகபட்சம் 64 இனங்களைத்தான் கவனிக்கும். அவற்றில் தயாரான ஒன்றை மட்டுமே சொல்லும். எனவே எழுதிய புரோகிராமை அப்படியே எடுத்துச் செல்ல முடியவில்லை. ஆனால் ரியாக்டர் என்ற திட்டம் அப்படியே பயன்பட்டது. மாவு மாறியது; கோலம் மாறவில்லை. 2004ல் வெளியான என்ஜின்எக்ஸ் வெப் சர்வரும், 2009ல் வந்த நோட் ஜேஎஸ்ஸும் இதே வழியில்தான் பல இணைப்புகளைக் கையாளுகின்றன.

கற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

உங்கள் வீட்டில் யாரேனும் புரோகிராமிங் கற்றுக் கொண்டிருந்தால், 23 பெயர்களையும் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். சிக்கல் என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரே ஒரு சர்வரிடம் ஒரு தகவலைக் கேட்டு வாங்கி அச்சிடும் சின்ன புரோகிராமிற்கு ரியாக்டர் தேவையில்லை; நேராகக் காத்திருந்தாலே போதும். ஒரு டேபிள் மட்டுமே உள்ள ஹோட்டலில் சர்வர் அங்கேயே நிற்பதில் தவறில்லை. டேபிள்கள் கூடும்போதுதான் திட்டம் தேவைப்படுகிறது.