கெனானிக்கல் ஷீஃப்: முதலடி வைப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மைசூரு மானசகங்கோத்ரியில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பாடநூல்கள் கெனானிக்கல் ஷீஃபை வரையறையில் தொடங்கி மிரட்டுகின்றன. நாம் கணக்குப் போட்டே தொடங்குவோம்.

முதல் படி: டிஎக்ஸைக் கவனியுங்கள்

பன்னிரண்டாம் வகுப்பில் தொகையிடும்போது மாறியைப் பிரதியிட்டால் டிஎக்ஸோடு ஒரு வகைக்கெழு ஒட்டிக்கொண்டு வருமே, அதுதான் விதை. மாறிகள் பலவானால் அந்த இடத்தில் ஜேக்கோபியன் அணிக்கோவை வரும். வழவழப்பான வெளி ஒன்றின் ஒவ்வொரு துண்டிலும் எல்லா வகையீடுகளையும் வெட்ஜ் பெருக்கல் செய்து, துண்டுகளை ஜேக்கோபியனால் ஒட்டினால் கெனானிக்கல் ஷீஃப் கிடைத்துவிடும். அதன் குறியீடு ‘கே’. வகையீட்டு வடிவியலில் இதுவே கெனானிக்கல் லைன் பண்டில்.

இரண்டாம் படி: கோளத்தில் போட்டுப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ரீமன் கோளத்தில் முடிவிலிக்கு அருகே எக்ஸ் = 1/யு என்று எழுதுங்கள். டிஎக்ஸ் = −டியு/யு². மற்ற இடங்களில் பூஜ்யமும் இல்லை, துருவமும் இல்லை. முடிவிலியில் மட்டும் இரட்டைத் துருவம். ஆகவே டிகிரி, அதாவது பூஜ்யங்கள் கழித்தல் துருவங்கள், −2. உளுந்து வடை போல ஓர் ஓட்டை இருந்தால் 0. ஓட்டைகள் ‘ஜி’ எண்ணிக்கையில் இருந்தால் 2ஜி−2. கோளத்தின் வளைவு நேர்குறி, ஓர் ஓட்டைப் பரப்பு தட்டை, இரண்டும் அதற்கு மேலும் என்றால் எதிர்குறி. அதாவது ‘கே’யின் குறி வளைவின் குறிக்கு நேர் எதிர். வடிவியலின் இரண்டு கிளைகளும் கைகோக்கும் இடம் இது. எனக்கு மிகப் பிடித்ததும் இதுவே.

மூன்றாம் படி: அட்ஜங்ஷன்

வெளியின் ‘கே’யோடு அதிலுள்ள வளைவரை அல்லது பரப்பின் டிகிரியைக் கூட்டுவதே அட்ஜங்ஷன். புரொஜெக்டிவ் தளத்தில், நேர்கோட்டின் மடங்காக, ‘கே’ −3. அதில் ‘டி’ டிகிரி வளைவரைக்கு டி−3. முப்படி வளைவரைக்கு 0 வருகிறது: ஓர் ஓட்டை. நாற்படிக்கு 1; அதை வளைவரையின் டிகிரியான 4ஆல் பெருக்கினால் 4 = 2ஜி−2, எனவே மூன்று ஓட்டைகள்.

நான்காம் படி: சி.பி. ராமானுஜம்

சென்னையில் 1938இல் பிறந்து, மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் கணிதவியலாளராக வளர்ந்தவர். ஆம்பிளான (நேர்குறி வளைவுடைய) லைன் பண்டிலை ‘கே’யோடு பெருக்கினால் மேல் கோஹோமாலஜி எல்லாம் மறையும் என்று 1953இல் கொடைரா காட்டினார். மறைந்துவிட்டால் ரீமன்–ராக் தரும் எண்ணே நேரியல் சார்பற்ற செக்‌ஷன்களின் எண்ணிக்கை. பரப்புகளுக்கு ஆம்பிள் என்ற நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று ராமானுஜம் 1972, 1974 கட்டுரைகளில் நிறுவினார். 1982இல் கவமாதாவும் ஃபீவெக்கும் எல்லாப் பரிமாணங்களுக்கும் அதை விரித்தார்கள்.

அடுத்து, மூன்றாம் படியின் முறையிலேயே முப்பரிமாண புரொஜெக்டிவ் வெளிக்குப் போங்கள். அங்கே ‘கே’ −4. முப்படிப் பரப்புக்கு −1, நாற்படிப் பரப்புக்கு 0, ஐம்படிக்கு 1. மூன்றையும் பேனா பிடித்து நீங்களே வருவித்துப் பாருங்கள்.